பில்லி பேக்கர்: 34 ஃபைனல் ஃபோர் பேசியவரை ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை?

வடகரோலினாவாசி எழுதியது:

மார்ச் மாதம் கல்லூரிக் கூடைப்பந்து தேசியப் போட்டி வந்தால் இங்கே ராலே பக்கம் எந்த அலுவலகத்திலும் வேலை ஓடாது, ஆளாளுக்கு பிராக்கெட் (யார் ஜெயிப்பார் என்று ஊகிக்கும் அட்டவணை) நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் டிவி வர்ணனையாளர் பில்லி பேக்கர் பெயர் வரும், பின்னாலேயே ஒரு திட்டும் வரும். டியூக் ரசிகர் "அந்த ஆளுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது" என்பார். பக்கத்து சீட்டில் இருக்கும், டியூக்கின் பரம வைரியான சேப்பல் ஹில் (நார்த் கரோலினா பல்கலைக்கழகம்) ரசிகரும் அச்சு அசல் அதையே சொல்வார். இரண்டு பேருக்கும் ஒரே ஆள் எப்படி எதிரியாக முடியும் என்றுதான் நான் இவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். 1940இல் நியூயார்க் மாநிலத்து வெல்ஸ்வில்லில் பிறந்தவர், வளர்ந்தது பென்சில்வேனியாவின் பெத்லஹேமில், அதாவது அந்தப் பெரிய எஃகு ஆலை இருந்த ஊர். அப்பா லீஹை பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து கோச். மகன் வடகரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் சேர்ந்து கார்டாக, அதாவது வெளியே நின்று பந்தை ஓட்டுபவராக, ஆடினார். உயரம் ஐந்தடி ஒன்பதுதான். லென் சாப்பல் என்கிற ஆறடி எட்டு அங்குல மலை உள்ளே நிற்க, இவர் வெளியே இருந்து பந்தை ஓட்டினார். 1961, 62 இரண்டு வருஷமும் ஏசிசி (அவர்கள் ஆடிய கல்லூரிக் கூட்டமைப்பு) பட்டம். 1962இல் ஃபைனல் ஃபோர், அதாவது தேசியப் போட்டியின் கடைசி நாலு அணி, வரை போனார்கள். அரையிறுதியில் ஜெரி லூகாஸ், ஜான் ஹாவ்லிசெக் இருந்த ஒஹையோ ஸ்டேட்டிடம் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் யுசிஎல்ஏவை 82-80 என்று ஜெயித்தார்கள். யுசிஎல்ஏ கோச் ஜான் வுடனுக்கு அதுதான் முதல் ஃபைனல் ஃபோர், அதில் கடைசி ஆட்டத்தில் தோற்கடித்தது பேக்கர் அணி.

அப்புறம் என்பிஏ எல்லாம் இல்லை. சில வருஷம் வேக் ஃபாரஸ்டிலேயே உதவி கோச், பிறகு சொந்தத் தொழில். 1972இல் ராலேயில் ஒரு உள்ளூர் ஏசிசி ஒளிபரப்புக்கு வழக்கமான ஆள் வர முடியாமல் போக, இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். 1974இல் என்பிசி டிவி. 1981இல் சிபிஎஸ் டிவி. 1975 முதல் 2008 வரை ஒரு வருஷம் விடாமல் 34 ஃபைனல் ஃபோர். 2023 ஜனவரி 26இல் சார்லட்டில் காலமானார், 82 வயது.

இவ்வளவு நீண்ட காலம் ஒருவரை அந்த நாற்காலியில் வைத்திருந்திருக்கிறார்கள். பிடிக்காதவர்கள் ஏன் இத்தனை பேர்? இதுதான் என் கேள்வி.


டிரிபிள்_சங்கர் எழுதியது:

கேள்வியிலேயே பதில் இருக்கு ப்ரோ. 34 வருஷம் வைத்திருந்ததால்தான் இத்தனை பேர்.

சரி, நேராகச் சொல்றேன். பேக்கரோட கோளாறு அவருக்குப் பெரிய கான்ஃபரன்ஸ்தான் உலகம் என்பது. 2004இல் செயின்ட் ஜோசப்ஸ் என்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் காலேஜ், ஜமீர் நெல்சன், டிலாண்டே வெஸ்ட் ஆடிய அணி, லீக் ஆட்டங்கள் முடியும்போது 27-0. கான்ஃபரன்ஸ் போட்டியில் ஒரே ஒரு தோல்வி. தேர்வுக் குழு அவர்களுக்கு முதல் சீட் கொடுத்தது. பேக்கர் டிவியில் உட்கார்ந்து, இவர்களுக்கு எப்படி இது கொடுக்கலாம் என்று சாடினார். கோச் ஃபில் மார்ட்டெல்லி சும்மா விடவில்லை, நன்றாகவே திருப்பிக் கொடுத்தார். அந்த அணி எலீட் எய்ட் (கடைசி எட்டு) வரை போய் ஒக்லஹோமா ஸ்டேட்டிடம் இரண்டே பாயிண்டில் தோற்றது. 64-62. அதாவது ஃபைனல் ஃபோருக்கு ஒரு கூடை தூரம்.

இரண்டே வருஷத்தில் திரும்பவும் அதே பாட்டு. 2006இல் மிசௌரி வேலி மாதிரி நடுத்தர கான்ஃபரன்ஸ்களுக்கு இத்தனை இடமா என்று தேர்வுக் குழுத் தலைவரையே நேரலையில் மடக்கினார். அந்த வருஷம் என்ன நடந்தது? உள்ளே வந்ததே தப்பு என்று பலர் சொன்ன ஜார்ஜ் மேசன், 11ஆம் சீட், மிஷிகன் ஸ்டேட், நார்த் கரோலினா, விச்சிட்டா ஸ்டேட், கனெக்டிகட் நாலு பேரையும் சாய்த்துவிட்டு ஃபைனல் ஃபோருக்குப் போனது. கனெக்டிகட்டை ஓவர்டைமில் 86-84. எனக்கு இதைவிட இனிப்பான மார்ச் கிடையாது.


மூணாம்_பெஞ்சு எழுதியது:

இந்த சீட், தேர்வுக் குழு கதையை யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்களேன். சினிமா தியேட்டர் சீட் இல்லை என்பது வரை புரிகிறது.


பழைய_பாயிண்ட்கார்டு எழுதியது:

சொல்றேன் தம்பி. அமெரிக்காவில் முதல் தரக் கல்லூரி அணிகள் முந்நூறுக்கு மேல். எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது, அதனால் கான்ஃபரன்ஸ் கான்ஃபரன்ஸாகப் பிரிந்து ஆடுவார்கள். கடைசியில் மார்ச்சில் ஒரு குழு உட்கார்ந்து தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும். கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றவர்களுக்கு இடம் நிச்சயம், மீதி இடங்களைக் குழு பார்த்துக் கொடுக்கும். பிறகு நாலு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை வரிசை போடுவார்கள். அந்த வரிசை எண்தான் சீட். முதல் சீட் 16ஆவது சீட்டோடு மோதும், ஆக முதல் சீட் கிடைத்தால் ஆரம்பம் லேசு. நாலு பிரிவு வெற்றியாளர்களும் மோதும் கடைசி வாரம்தான் ஃபைனல் ஃபோர். ஒரு தோல்வி, ஆள் வெளியே. அதனால்தான் இந்தப் பைத்தியம்.

இதில் சண்டை எங்கே வருகிறது என்றால், 27 ஆட்டம் தோற்காத சின்ன அணியா, பெரிய அணிகளோடு மோதி எட்டு தோற்ற அணியா, யார் மேல்? பேக்கர் எப்போதும் இரண்டாவது ஆள் பக்கம். "யாரை ஜெயித்தாய்?" என்பதுதான் அவர் கேள்வி. அது முட்டாள்தனமான கேள்வி என்று சங்கர் சொல்ல முடியாது.

நான் கல்லூரி நாளில் கார்டாக ஆடியவன், பெரிய அளவில் ஒன்றுமில்லை. ஆனாலும் பேக்கர் பேசிய பழைய ஆட்டங்களைக் கேட்டால் எனக்கு ஒன்று தெரியும். மற்றவர்கள் கூடையில் விழுந்த பந்தைப் பேசுவார்கள். இவர் அதற்கு முந்தின பாஸைப் பேசுவார், திரை போட்டவன் எந்தப் பக்கம் திரும்பினான், காவலுக்கு நின்றவன் ஏன் ஒரு அடி தாமதம் என்று. குட்டையான கார்டு நிற்கும் இடத்திலிருந்து ஆட்டம் அப்படித்தான் தெரியும். எல்லாரும் தலைக்கு மேலே இருக்கிறார்கள், கால்களைப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும்.

அவர் மைக்கில் இருந்த ஆட்டங்களையும் பாருங்கள். 1975இல் வுடனின் கடைசி ஆட்டம். 1979இல் மேஜிக் ஜான்சனும் லேரி பேர்டும் மோதிய இறுதி ஆட்டம். 1982இல் மைக்கேல் ஜோர்டன் போட்ட அந்த வெற்றி ஷாட். யாரும் எதிர்பாராமல் பட்டம் வென்ற 1983 என்சி ஸ்டேட், 1985 வில்லனோவா. 1990 இறுதி ஆட்டத்தில் பக்கத்தில் இருந்தவர் பிரென்ட் மஸ்பர்கர். அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டதாக சிபிஎஸ் முந்தின நாள்தான் அறிவித்திருந்தது, தேதி ஏப்ரல் 1 என்பதால் பலர் விளையாட்டு என்று நினைத்தார்கள். அந்த நிலைமையிலும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆட்டத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தார்கள்.


டிரிபிள்_சங்கர் எழுதியது:

அண்ணே, 1979ஐ நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க. அந்த வருஷமும் இதே கதைதானே? லேரி பேர்ட் ஆடிய இண்டியானா ஸ்டேட் தோல்வியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, நம்பர் ஒன் இடம் அவர்களுக்குத் தகுமா என்று சந்தேகப்பட்டவர் நம்ம ஆள். அந்த அணியின் டெர் ஹோட் ஊரே கொதித்தது. என்பிசி அவர்கள் ஆட்டத்தைக் காட்டிய அன்று லேரி பேர்ட் விச்சிட்டா ஸ்டேட்டுக்கு எதிராக 49 பாயிண்ட். பிறகு 33-0 என்று இறுதி ஆட்டத்துக்கே வந்தார்கள்.

1979, 2004, 2006. மூன்று தடவையும் சின்ன அணி, மூன்று தடவையும் அவர் சந்தேகம், மூன்று தடவையும் அவர்கள் ஆடிக் காட்டினார்கள். இதில் பெரிய வேடிக்கை, அவர் படித்த வேக் ஃபாரஸ்டே பெரிய கான்ஃபரன்ஸ்களில் இருக்கும் ரொம்பச் சின்னக் காலேஜ்களில் ஒன்று. இன்னொரு வேடிக்கை, 1962இல் வேக் ஃபாரஸ்ட் ஃபைனல் ஃபோருக்குப் போன வழியில் ஓவர்டைம் வரை தண்ணி காட்டிய அணி எது தெரியுமா? செயின்ட் ஜோசப்ஸ்!


பழைய_பாயிண்ட்கார்டு எழுதியது:

அந்த 1979 இறுதி ஆட்டத்தில் இண்டியானா ஸ்டேட் 75-64 என்று தோற்றதையும் சேர்த்துச் சொல்லு தம்பி. பேர்டை மடக்கிவிட்டால் அந்த அணியில் வேறு ஆள் இல்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

ஆனால் அந்த ஆட்டத்துக்கு டிவியில் 24.1 ரேட்டிங், இன்றுவரை அமெரிக்காவில் எந்தக் கூடைப்பந்து ஆட்டமும் அதைத் தாண்டவில்லை. டிக் என்பெர்க் விவரிக்க, அல் மெக்வையரும் பேக்கரும் இரண்டு பக்கமும் இருந்து அடித்துக்கொள்வார்கள். மெக்வையர் கவிதை மாதிரி ஏதாவது சொல்வார், பேக்கர் "அப்படியெல்லாம் இல்லை" என்று வெட்டுவார். அந்த ஜோடி மாதிரி பிறகு வரவில்லை. மெக்வையரும் மார்கெட் பல்கலைக்கழக அணிக்கு 1977இல் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு கோச் வேலையை விட்டு, விளையாட்டுச் சாமான் செய்யும் கம்பெனியில் துணைத் தலைவராகப் போனவர். இரண்டு பேருக்கும் டிவி மேல் உயிர் இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம் என்கிற தைரியம் குரலிலேயே இருக்கும்.


கணக்கப்பிள்ளை எழுதியது:

இதுதான் விஷயமே. பேக்கருக்கு ரியல் எஸ்டேட் இருந்தது. டிவி அவருக்கு வருஷத்தில் சில மாசம் வரும் வேலை. சோறு அதிலிருந்து வரவில்லை என்றால் வாய்க்குப் பூட்டு எதற்கு?

ஆனால் அதற்காக அவரைப் பெரிய "தொழிலதிபர்" ஆக்கிவிட வேண்டாம், அந்தச் சொல்லைக் கொஞ்சம் அளந்து போடுவோம். கல்லூரிக் கூடைப்பந்திலிருந்து வந்த உண்மையான தொழிலதிபரைப் பார்க்க வேண்டுமானால் ஜூனியர் பிரிட்ஜ்மேனைப் பாருங்கள். 1975இல் பேக்கர் பேசிய முதல் ஃபைனல் ஃபோரில் லூயிவில் அணிக்காக ஆடியவர். யுசிஎல்ஏவிடம் ஓவர்டைமில் 75-74, ஒரே பாயிண்டில் தோற்றார்கள். அதே வருஷம் கரீம் அப்துல் ஜப்பாரை லேக்கர்ஸ் வாங்கியபோது பதிலுக்கு மில்வாக்கிக்கு அனுப்பப்பட்ட நாலு பேரில் இவரும் ஒருவர். ஆடிய காலத்தில் பெரிய சம்பளம் எல்லாம் இல்லை. வெண்டீஸ் பர்கர் கடை உரிமம் வாங்கி, கடைக்குள் நின்று வேலை கற்றுக்கொண்டு, ஒரு கட்டத்தில் 160க்கு மேல் வெண்டீஸ், 100க்கு மேல் சில்லீஸ் உணவகங்கள் வைத்திருந்தார். 2016இல் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டு கோகோ கோலா பாட்டிலிங்கில் இறங்கினார். 2020இல் எபோனி, ஜெட் பத்திரிகைகளை 1.4 கோடி டாலருக்கு வாங்கினார். 2024இல் தான் ஆடிய மில்வாக்கி பக்ஸ் அணியிலேயே 10 சதவீதப் பங்கு. 2025 மார்ச்சில் காலமானபோது ஃபோர்ப்ஸ் கணக்கில் அவர் சொத்து 140 கோடி டாலர்.

மேஜிக் ஜான்சன் கதை எல்லாருக்கும் தெரியும். ஸ்டார்பக்ஸ் கடைகள், தியேட்டர்கள், டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் பங்கு. ஆனால் 1998இல் அவர் நடத்திய பின்னிரவு டிவி நிகழ்ச்சி இரண்டு மாசத்தில் மூடப்பட்டதை யாரும் பேசுவதில்லை. சிரித்த முகம், எல்லாரையும் பிடிக்கும், யாரையும் புண்படுத்த மாட்டார். வியாபாரத்துக்கு அது தங்கம், மைக் முன்னால் சப்பென்று இருந்தது. பேக்கர் நேர் எதிர்.


செல்வி_ப எழுதியது:

எல்லாரும் "தைரியம்", "வாய்க்குப் பூட்டில்லை" என்று அழகாகச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். 2000ஆம் ஆண்டு டியூக் அரங்க வாசலில் நடந்ததை ஏன் யாரும் எடுக்கவில்லை? இரண்டு மாணவிகள் வாசலில் நின்று அனுமதி அட்டை கேட்டார்கள், அது அவர்கள் வேலை. அதற்கு இவர், ஆண்கள் ஆட்டத்துக்கு யாரை உள்ளே விடுவது என்று பெண்கள் எப்போதிலிருந்து தீர்மானிக்கிறார்கள், போய்ப் பெண்கள் ஆட்டத்துக்கு ஆள் விடுங்கள் என்கிற தொனியில் பேசிவிட்டுப் போனார். பிறகு மன்னிப்புக் கேட்டார், சரி. அறுபது வயது ஆள், நாடறிந்த முகம். எதிரே நின்றது படிக்கிற பிள்ளைகள். இதற்குப் பெயர் தைரியமா?

1996இல் ஜார்ஜ்டவுன் ஆட்டக்காரர் ஆலன் ஐவர்சனை "முரட்டுக் குரங்கு" என்கிற அர்த்தம் வரும்படி நேரலையில் சொன்னதும் இருக்கிறது. ஒரு கறுப்பின இளைஞனைப் பார்த்து அந்தச் சொல்லை அமெரிக்காவில் சொல்லக் கூடாது என்று அத்தனை வருஷம் மைக் பிடித்தவருக்குத் தெரியாதா?


வடகரோலினாவாசி எழுதியது:

வாசல் சமாசாரத்துக்கு என்னிடம் பதில் இல்லை செல்வி, அது அசிங்கம்தான். ஐவர்சன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பேக்கர் அன்றைக்கே விளக்கம் சொன்னார், ஆனால் தன் மனசில் இனம் இல்லை, ஆகவே சொன்னதற்கு மன்னிப்பில்லை என்று நின்றார். ஐவர்சனின் ஜார்ஜ்டவுன் கோச் ஜான் தாம்சன், தானும் கறுப்பினத்தவர், எதற்கும் வளைந்து கொடுக்காத மனிதர், பேக்கருக்கு ஆதரவாகப் பேசினார்.

தாம்சன் ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் மனசுக்குள் புகுந்து சொல்ல முடியாது. ஆனால் வின்ஸ்டன்-சேலம் பக்கம் இன்னும் பேசப்படும் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். வேக் ஃபாரஸ்ட் கல்லூரி 1956இல்தான் அந்த ஊருக்கு இடம் மாறி வந்தது, சிகரெட் கம்பெனிக் குடும்பமான ரெனால்ட்ஸின் பணத்தில். அதே ஊரில் கறுப்பின மாணவர்களுக்கான ஆசிரியர் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே கோச் கிளாரன்ஸ் கெய்ன்ஸ், ஆள் உருவத்தைப் பார்த்து எல்லாரும் "பிக் ஹவுஸ்" என்பார்கள். அவரிடம் கிளியோ ஹில் என்று ஒரு ஆட்டக்காரர். இரண்டு கல்லூரிக்கும் நடுவில் சில மைல்தான், ஆனால் ஒருவரோடு ஒருவர் ஆடுவது நினைத்துப் பார்க்க முடியாத காலம். பேக்கர், இளநிலை மாணவர், ஹில்லைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆட்டம் பார்க்கப் போய்விட்டார். அரங்கம் நிறையக் கறுப்பின மக்கள், நடுவில் இந்த வெள்ளைக்காரப் பையன். கெய்ன்ஸ் கண்ணில் பட்டு, கூப்பிட்டு அணி பெஞ்சு பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்.

அத்தோடு விடவில்லை. இரண்டு பேரும் பேசி, இரண்டு கல்லூரிப் பையன்களும் சேர்ந்து ஆட ஏற்பாடு செய்தார்கள். ஊருக்குத் தெரியாமல், ஸ்கோர்போர்டு இல்லாமல், பத்திரிகைக்காரன் இல்லாமல். 1960 பிப்ரவரியில் அதே ஊர்க் கடையில் உணவு மேசையில் சேர்ந்து உட்கார்ந்ததற்காக இந்த இரண்டு கல்லூரி மாணவர்களும் கைதானார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஹில் 1961இல் என்பிஏ முதல் சுற்றில் எட்டாவதாக எடுக்கப்பட்டார். அவர் அளவுக்கு ஒரு கார்டைத் தான் பார்த்ததில்லை என்கிற மாதிரி பேக்கர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.


செல்வி_ப எழுதியது:

இந்தக் கதை தெரியாது, நல்ல கதை. ஆனால் இருபது வயதில் செய்த நல்லதை வைத்து ஐம்பத்தாறு வயதில் பேசியதைக் கழித்துக்கொள்ள முடியாது, இரண்டும் தனித்தனிக் கணக்கு. தனக்குச் சுத்தமான மனசு என்று தெரிந்திருந்ததால் கேட்பவர் காதில் எப்படி விழும் என்று அவர் யோசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். டியூக் வாசலிலும் அதுதான், செயின்ட் ஜோசப்ஸ் விஷயத்திலும் அதுதான்.


மூணாம்_பெஞ்சு எழுதியது:

கடைசியில் எப்படி வெளியே போனார்? அவரே விட்டாரா, அனுப்பினார்களா?


கணக்கப்பிள்ளை எழுதியது:

2008 ஜூலையில் சிபிஎஸ் அறிவிப்பு, அவர் இடத்தில் கிளார்க் கெல்லாக். ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை, அவ்வளவுதான் வெளியே சொன்னது. என் ஊகம், பணக் கணக்கும் மாறிவிட்டது. 1982இல் சிபிஎஸ் இந்தப் போட்டியை மூன்று வருஷத்துக்கு 4.8 கோடி டாலருக்கு எடுத்தது. 2010இல் சிபிஎஸ்ஸும் இன்னொரு டிவி நிறுவனமான டர்னரும் சேர்ந்து 14 வருஷத்துக்குக் கொடுத்தது 1,080 கோடி டாலர். அவ்வளவு கொட்டுகிறவன் தேர்வுக் குழுவைத் திட்டுகிற ஆளை விட, கூடச் சேர்ந்து கொண்டாடுகிற ஆளைத்தான் தேடுவான்.


பழைய_பாயிண்ட்கார்டு எழுதியது:

அந்த 2008 அரையிறுதியை விட்டுவிட்டீர்களே. கான்சாஸும் நார்த் கரோலினாவும். முதல் பாதியிலேயே கான்சாஸ் 40-12 என்று போய்விட்டது. இடைவேளைக்கு இன்னும் எவ்வளவோ நிமிடம் இருக்கும்போதே பேக்கர், ஆட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். வீட்டில் லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள், நடுவில் எத்தனை விளம்பரம் ஓடணும்! டிவிக்காரனுக்கு வயிறு எரியாதா? இரண்டாவது பாதியில் கரோலினா துரத்திக்கொண்டு நாலு பாயிண்ட் வரை வந்துவிட்டது. எல்லாரும் பேக்கரைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் ஸ்கோர் என்ன? கான்சாஸ் 84, கரோலினா 66.


டிரிபிள்_சங்கர் எழுதியது:

நாலு பாயிண்ட் வரை வந்தது என்றால் ஆட்டம் முடியவில்லை என்றுதான் அர்த்தம் அண்ணே.


பழைய_பாயிண்ட்கார்டு எழுதியது:

18 பாயிண்ட் வித்தியாசம் தம்பி. முடிந்தது என்றுதான் சொன்னார், முடிந்தது.


வடகரோலினாவாசி எழுதியது:

ரெண்டு பேரும் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் என்பெர்க் நாற்காலி எனக்குத்தான் போல. இரண்டு நாள் கழித்து சான் அன்டோனியோவில் இறுதி ஆட்டம், அது அவருடைய கடைசி ஆட்டமும் கூட. மெம்ஃபிஸ் மூன்று பாயிண்ட் முன்னால், கடிகாரத்தில் 2.1 நொடி இருக்கும்போது மாரியோ சால்மர்ஸ் போட்ட த்ரீ, ஓவர்டைம், கான்சாஸ் 75-68. இந்தத் தடவை பேக்கர் சீக்கிரமாக எதையும் முடித்து வைக்கவில்லை. நாளைக்கு அந்த ஆட்டத்தை முழுசாகத் திரும்பப் பார்க்கப் போகிறேன், யாராவது கூட வந்தால் நேரம் சொல்லுங்கள். சங்கர், நீங்கள் வருவதானால் செயின்ட் ஜோசப்ஸ் பேச்சை வெளியே விட்டுவிட்டு வரணும்.


டிரிபிள்_சங்கர் எழுதியது:

அப்போ நான் வரலை.